காப்டிக் துணிகளில் வேட்டைக் காட்சிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கைத்தறி படிக்கும் பிள்ளைகளுக்கு நெசவு வரலாறு எடுக்கப் போகும்போதெல்லாம் எகிப்தின் பழைய துணிகளில் நாலைந்து படங்களைத் திரையில் போட்டுக் காட்டுவேன். ஊதா நிறத்தில் ஒரு சதுரம், நடுவில் குதிரைமேல் ஒருவன், காலடியில் நாயா சிங்கமா என்று சொல்லமுடியாத ஏதோ ஒன்று, சுற்றிலும் முயல்கள். படம் வந்ததும் கை தூக்க ஆரம்பித்துவிடுவார்கள். எந்த ஊருக்குப் போனாலும் கேள்விகள் ஏறக்குறைய இவைதான் என்பதால் ஒரேயடியாக எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்த மாதிரியே விட்டிருக்கிறேன்.

காப்டிக் துணின்னா என்ன மேடம்? அது ஒரு ஊரா?

ஊர் இல்லை. எகிப்தில் ஏறக்குறைய கி.பி. 3ஆம் நூற்றாண்டு முதல் 12ஆம் நூற்றாண்டு வரை, நைல் கரை ஊர்களில் நெய்யப்பட்ட துணிகளுக்கு மொத்தமாக வைத்த பெயர். எகிப்துக்காரன் என்பதற்கான கிரேக்கச் சொல் அய்குப்தியோஸ். அது அரபியில் தேய்ந்து கிப்த் ஆகி, ஐரோப்பியர் வாயில் காப்ட் ஆனது. முதலில் அதற்கு எகிப்தியர் என்றுதான் பொருள். அரபு ஆட்சிக்குப் பிறகு எகிப்தியக் கிறிஸ்தவர்களை மட்டும் குறிக்கத் தொடங்கியது.

அதனால் பெயரைக் கேட்டதும் இவை சர்ச் துணிகள் என்று நினைக்கவேண்டாம். நெய்தவரும் உடுத்தியவரும் கிறிஸ்தவராகவும் இருக்கலாம், பழைய கடவுள்களைக் கும்பிட்டவராகவும் இருக்கலாம், பிற்காலத்தில் முஸ்லிமாகவும் இருக்கலாம். இந்தக் குழப்பத்துக்காகவே ஆய்வாளர்களில் பலர் இந்தப் பெயரைத் தவிர்க்கிறார்கள். அருங்காட்சியகச் சீட்டுகளில் மட்டும் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, நானும் பழக்கத்தில் சொல்லிவிடுகிறேன்.

1500 வருஷத்துத் துணி எப்படி மக்காம இருக்கு? எங்க பாட்டி கூறைப்புடவையே மடிப்புல மடிப்புல கிழியுது.

மணல்தான் காரணம். மம்மி செய்யும் வழக்கம் அந்தக் காலத்தில் மெல்ல மறைந்து, இறந்தவரை அவர் உடுத்திய உடையோடே, அதற்குமேல் பழைய திரைச்சீலை, போர்வை என்று பல சுற்றுச் சுற்றிப் புதைக்கும் வழக்கம் வந்தது. இடுகாடுகள் வெள்ளம் ஏறாத பாலைவன ஓரத்தில். மழையே கிடையாத வறண்ட மணல், வெளிச்சமும் இல்லை. நூல் அப்படியே கிடந்துவிட்டது. சில துண்டுகளில் காணும் பழுப்புக் கறை என்ன என்று கேட்பீர்கள். உடல் மக்கியபோது பட்ட கறை அது.

1880களில் அக்மீம் என்ற ஊரின் இடுகாடுகள் வெளிச்சத்துக்கு வந்தன. அப்போது எகிப்தின் தொல்பொருள் துறைத் தலைவராக இருந்தவர் காஸ்டன் மாஸ்பெரோ. 1896இல் ஆல்பெர் கயே என்ற பிரெஞ்சுக்காரர் அந்தினோபோலிஸில் தோண்ட ஆரம்பித்தார். ரோமப் பேரரசர் ஹேட்ரியன் கி.பி. 130இல் கட்டிய நகரம் அது. அங்கே கிடைத்தவை 1900 பாரிஸ் உலகக் கண்காட்சிவரை போயின. வணிகர்களும் சும்மா இருக்கவில்லை. வேலைப்பாடு உள்ள இடத்தை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டு வெறும் லினனைத் தூக்கிப் போட்டார்கள். லண்டன், பாரிஸ், நியூயார்க், பீட்டர்ஸ்பர்க் என்று இன்று எங்கே பார்த்தாலும் நமக்குப் பெரும்பாலும் கையகலத் துண்டுகளே கிடைப்பது இதனால்தான். ஒரு நெசவாளி இரண்டு மீட்டர் அகலத் தறியில் நெய்த உடுப்பை, பூவைக் கிள்ளுகிற மாதிரி கிள்ளியிருக்கிறார்கள். எனக்கு இதில் இன்னும் கோபம் உண்டு.

இந்தப் படமெல்லாம் அச்சடிச்சதா, எம்பிராய்டரியா?

இரண்டும் இல்லை, நெசவு. பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் கட்டும் இழை, சாயம் போடாத லினன் நூல். உடம்புப் பகுதிக்கு ஊடையும், அதாவது குறுக்கே ஓடும் இழையும், அதே லினன். படம் வரவேண்டிய இடம் வந்ததும் லினன் ஊடையை அங்கே நிறுத்திவிட்டு, இரண்டு மூன்று பாவு இழைகளை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, சாயம் தோய்த்த கம்பளி நூலை ஊடையாக ஓட்டி, நெருக்கி அடித்துவிடுகிறார்கள். பாவு கண்ணுக்கே தெரியாது. பவானி ஜமுக்காளத்தில் ஊடை பாவை மூடிவிடும் இல்லையா, அதே கணக்கு. ஆனால் நூல் பல மடங்கு மெல்லியது. ஒரு சென்டிமீட்டருக்குள் 30, 40 ஊடைகூடப் போகும்.

டேபஸ்ட்ரி நெசவு என்பது இதுதான். ஒவ்வொரு நிற நூலும் துணியின் அகலம் முழுவதும் ஓடாமல், தன் எல்லைவரை போய்த் திரும்பிவிடும். இரண்டு நிறங்கள் சந்திக்கும் இடத்தில் நம் கோர்வையில் (புடவையின் உடலும் கரையும் சேரும் நெசவில்) ஊடைகளைப் பிணைப்போம், இவர்கள் பெரும்பாலும் பிணைப்பதில்லை, அதனால் பாவின் போக்கில் சின்னச் சின்னப் பிளவு விழும். பூதக்கண்ணாடி வைத்தால் குதிரையின் வயிற்றடியில் அந்தப் பிளவு தெரியும்.

ஏன் படத்துக்கு மட்டும் கம்பளி என்றால், லினன் சாயத்தை லேசில் குடிக்காது. படிகாரத்தில் ஊறவைத்த கம்பளி நன்றாகக் குடிக்கும். படிகாரம் எகிப்தின் மேற்குப் பாலைவனச் சோலைகளிலேயே கிடைத்தது.

ஊதாவுக்கு மேல மெல்லிசா வெள்ளைக் கோடு ஓடுதே, அதாவது எம்பிராய்டரிதானே?

அதுவும் தறியில் போட்டதே. ஊதாக் கம்பளி ஏறிக்கொண்டிருக்கும்போதே தனியாக ஒரு லினன் இழையை ஊசியிலோ சின்னக் கட்டையிலோ சுற்றிவைத்துக்கொண்டு, நெய்த இடத்தின்மேல் சாய்வாகத் தாவவிட்டு அடுத்த பாவில் மாட்டுவார்கள். பறக்கும் ஊசி என்று இதற்கு ஒரு பெயர் உண்டு, அழகான பெயர்.

ஒரு சிங்கத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். முதலில் தெரிவது ஊதாக் கம்பளியில் வந்த உடம்பு, அதன் பின்னால் வெளுத்த லினன் தரை. உடம்பின்மேல் ஓடுபவைதான் அந்த வெள்ளைக் கோடுகள். பிடரிக்கு நாலு வளைந்த கோடு. விலாவுக்கு மூன்று சாய்வுக் கோடு, ஒன்றைவிட ஒன்று கொஞ்சம் குட்டை. கண் ஒரே ஒரு புள்ளி, அதைச் சுற்றி அரைவட்டம். மொத்தமே ஐந்தாறு சென்டிமீட்டர் மிருகம். ஆனால் அது திரும்பிப் பார்த்து உறுமுகிறது என்பது தெரிந்துவிடுகிறது. கோடு ஓர் இழை தள்ளி விழுந்திருந்தால் அது சிரித்துக்கொண்டிருக்கும் (அப்படிச் சிரிக்கிற சிங்கங்களும் நிறைய உண்டு).

உடுப்புல இது எந்த இடத்துல வரும்?

அங்கியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தோளிலிருந்து முன்னும் பின்னும் இறங்கும் இரண்டு பட்டைகள். இவற்றுக்குக் கிளாவி என்று பெயர். இரண்டு தோளிலும் இரண்டு முழங்கால் பக்கத்திலும் வட்டமோ சதுரமோ. மணிக்கட்டில் பட்டை. சிலவற்றில் கழுத்தைச் சுற்றியும் உண்டு. பட்டைகளில் நாய் முயலைத் துரத்துவது மேலிருந்து கீழாகத் திரும்பத் திரும்ப வரும். வட்டத்திலும் சதுரத்திலும் நடுவே குதிரைக்காரன் நிற்பான். திரைச்சீலையிலும் சுவர்த் தொங்கல்களிலும் இதே காட்சிகள் பெரிதாக வரும்.

நெசவுப் பிள்ளைகள் வாயைப் பிளப்பது அடுத்ததைக் கேட்டுத்தான். இந்த அங்கியை வெட்டித் தைக்கவில்லை. ஒரு கையின் மணிக்கட்டில் தொடங்கி, உடம்பு வந்ததும் அகலப்படுத்தி, மறு மணிக்கட்டில் முடித்து, சிலுவை வடிவில் ஒரே துண்டாக நெய்து இறக்கினார்கள். பிறகு தோளோடு மடித்துப் பக்கவாட்டில் ஒரு தையல், அவ்வளவுதான். ஆகவே உடுத்தும்போது பாவு குறுக்கே ஓடும். அதாவது, நெய்கிறபோது குதிரைக்காரன் தறியில் படுத்துக்கிடப்பான். நெசவாளி கழுத்தைச் சாய்க்காமல் படுத்த குதிரையை நெய்து, அது உடுத்தியவர் தோளில் சரியாக எழுந்து நிற்கும்படி செய்திருக்கிறார்.

என்னென்ன மிருகம் வரும்? எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது?

சிங்கம், சிறுத்தை, காட்டுப்பன்றி, கரடி, மான் வகைகள், முயல், வேட்டைநாய். புள்ளி இருந்தால் சிறுத்தை, பிடரி இருந்தால் சிங்கம், காது முதுகுவரை போனால் முயல், கழுத்தில் பட்டை இருந்தால் நாய். பட்டையும் இல்லாமல் பிடரியும் இல்லாமல் வாலை மட்டும் தூக்கிக்கொண்டு நிற்கிற ஒன்று நிறையத் துணிகளில் இருக்கும். அதற்கு அருங்காட்சியகச் சீட்டிலும் வெறுமனே விலங்கு என்றுதான் போட்டிருப்பார்கள்.

அப்போ எகிப்துல கரடி வேட்டையெல்லாம் நடந்துச்சா?

இல்லை, எகிப்தில் கரடியே கிடையாது. இந்தக் கேள்வி கேட்டவர் சரியான இடத்தில் கையை வைத்தார் என்பேன். பாலைவன ஓரத்தில் முயலும் மானும் வேட்டையாடியிருப்பார்கள். ஆனால் துணியில் இருப்பது நேற்று ஊருக்கு வெளியே நடந்த வேட்டையின் பதிவு கிடையாது. ரோமப் பேரரசு முழுவதும் சுற்றிக்கொண்டிருந்த படங்களின் ஒரு கிளை அது. சிசிலியில் பியாட்சா அர்மெரினா மாளிகையின் 4ஆம் நூற்றாண்டுத் தரைச்சித்திரத்திலும், சிரியா எல்லையில் அந்தியோக்கியாவின் தரைகளிலும், வட ஆப்பிரிக்காவிலும் இதே குதிரைக்காரன், இதே சிங்கம். போதாக்குறைக்கு, அரங்குகளில் காட்டு மிருகங்களோடு ஆட்களை மோதவிட்ட காலமும் அது.

படம் எப்படித் தறிவரை வந்தது என்பதற்கும் சான்று இருக்கிறது. நெசவாளர்களுக்காகப் பாப்பிரஸ் தாளில் வண்ணத்தில் வரைந்த மாதிரிகள் சில எகிப்தில் கிடைத்திருக்கின்றன. மாதிரியைப் பார்த்து ஒருவர் நெய்ய, அந்தத் துணியைப் பார்த்து இன்னொருவர் நெய்ய, அதைப் பார்த்து அவர் பட்டறையில் வேலை கற்கும் பையன் நெய்ய, மூன்று தலைமுறையில் கரடி நாய்க்குட்டி ஆகிவிடும். கரடியை நேரில் பார்த்தவர் யாரும் அந்தச் சங்கிலியில் இல்லை.

வேட்டையே நடக்கலைன்னா எதுக்கு உடுப்புல வேட்டை? பூ, கொடி போதாதா?

பூவும் கொடியும்கூட ஏராளமாக உண்டு. வேட்டை சொல்வது வேறு. வேட்டைக்குப் போக நிலம் வேண்டும், குதிரை வேண்டும், வேலையாள் வேண்டும். அது வசதியின் படம். அதோடு அஞ்சாமையின் படமும்கூட. அந்தியோக்கியா அருகே 5ஆம் நூற்றாண்டுத் தரைச்சித்திரம் ஒன்றில் நடுவே ஒரு பெண்ணின் மார்பளவு உருவம் இருக்கிறது, மேலே மெகலோப்சைக்கியா என்று பெயர், பெருந்தன்மை, பேருள்ளம் என்று சொல்லலாம். சுற்றிலும் வேட்டைக்காரர்கள் மிருகங்களைக் குத்திக்கொண்டிருக்கிறார்கள். அக்காலத்தவர் மனதில் இந்த இரண்டும் எப்படி ஒட்டியிருந்தன என்பதற்கு இதைவிட நேரடியான படம் வேண்டியதில்லை.

மூன்றாவது ஒன்று, எனக்குப் பிடித்தது. மணிக்கட்டு, கழுத்து, தோள், முழங்கால் என்று முன்பு சொன்ன இடங்களைத் திரும்பப் பாருங்கள். உடுப்பின் வாய்களும் உடம்பின் மூட்டுகளும்தான். கெட்டது உள்ளே வரும் வழியில் ஒரு காவல்காரனை நிறுத்துகிற வேலை இது என்று ஆய்வாளர்கள் சிலர் சொல்கிறார்கள். கண்ணேறு பற்றிய பயம் அந்த நாட்டில் பலமாக இருந்தது. எகிப்தின் பாவித் மடாலயச் சுவரோவியம் ஒன்றில் புனிதர் சிசின்னியோஸ் குதிரைமேல் வந்து ஒரு பேய்ப் பெண்ணைக் குத்துகிறார், பக்கத்திலேயே கண்ணேறும் தாக்கப்படுகிறது. குழந்தைகளின் சின்ன அங்கிகளிலும் நிறைய வேலைப்பாடு இருப்பதைப் பார்க்கும்போது, இது வெறும் பகட்டு என்று என்னால் நினைக்கமுடியவில்லை. சிங்கத்தை அடிக்கிறவன் என் பிள்ளையின் தோளில் இருக்கட்டும் என்று ஒரு தாய் நினைத்திருப்பாள்.

குதிரைக்காரன் கையில ஆயுதமே இல்லையே? டாட்டா காட்டுற மாதிரி இருக்கு.

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். வலது கை மேலே போயிருக்கும், உள்ளங்கை விரிந்திருக்கும், மேலாடை முதுகுக்குப் பின்னால் பாய்மரம்போல உப்பியிருக்கும். சிலவற்றில் கையில் உருண்டையாக ஒன்று இருக்கும், கல். மற்றவற்றில் ஒன்றுமே கிடையாது.

ரோமப் பேரரசர்களின் நாணயங்களிலும் சிலைகளிலும் வெற்றியோடு ஊருக்குள் நுழையும் மன்னர் குதிரைமேல் இப்படித்தான் வலது கையைத் தூக்குவார். ஆக இவன் இன்னும் வேட்டையாடிக்கொண்டிருப்பவன் இல்லை, ஏற்கெனவே ஜெயித்தவன். வேட்டை முடிந்துவிட்டது, சிங்கம் காலடியில் வந்துவிட்டது, அப்புறம் ஈட்டி எதற்கு? முந்தைய பதிலில் சொன்ன காவல் வேலைக்கும் ஜெயித்துவிட்டவன்தான் பொருத்தம்.

சிலர் உடம்புல துணியே இல்ல. காட்டுக்குள்ள அப்படியா போவாங்க?

முள்ளும் புதரும் உள்ள இடத்துக்கு யாரும் அப்படிப் போகமாட்டார்கள். கிரேக்க வழக்கத்தில் வீரனையும் தெய்வத்தையும் ஆடையில்லாமல் காட்டுவது மரியாதை. தோளில் ஒரு சின்னப் போர்வை, காலில் செருப்பு, கையில் கேடயம், மற்றபடி ஒன்றுமில்லை என்றால் இவன் பக்கத்துத் தெரு ஆள் அல்ல, கதைகளின் ஆள் என்று பொருள். இறக்கை முளைத்த குண்டுக் குழந்தைகள் வில்லும் கூடையுமாக முயல் பிடிப்பதும் உண்டு; அவர்கள் காதல் தெய்வம் ஈரோஸின் கூட்டம். அவர்களுக்கும் துணி கிடையாது.

ஒரு பொண்ணு வில்லோட நிக்குறாளே, அவ யாரு?

பக்கத்தில் ஆண் இல்லாமல் தனியாக, நாயும் மானும் சூழ நின்றால் வேட்டைத் தெய்வம் ஆர்ட்டெமிஸ். பக்கத்தில் ஈட்டியோடு ஒருவனும் காலருகே பன்றியோ பன்றித்தலையோ இருந்தால் அட்டலாண்டாவும் மெலியேகரும். கதை இது: ஆர்ட்டெமிஸ் கோபத்தில் கலிடோன் நாட்டுக்கு ஒரு பெரிய காட்டுப்பன்றியை அனுப்புகிறாள். வீரர்கள் எல்லாம் கூடுகிறார்கள். முதல் அம்பை ஏற்றுவது அட்டலாண்டா, கொல்வது மெலியேகர். அவன் பன்றித்தோலை அவளுக்கே பரிசாகக் கொடுக்க, அவனுடைய தாய்மாமன்கள் சண்டைக்கு வர, அவர்களைக் கொன்றுவிடுகிறான். அவன் உயிர் கட்டியிருந்த விறகுக்கட்டையைத் தாயே நெருப்பில் போட்டுவிடுகிறாள்.

இவ்வளவு சோகமான கதையை வீட்டில் தொங்கவிடுவார்களா என்று ஒருவர் கேட்டார். துணிக்காரர்கள் தாயையும் விறகையும் எடுத்துக்கொள்ளவில்லை. அழகான இரண்டு பேர், வெற்றி, இடையில் ஒரு பரிசு. அந்த ஒரு கணம் போதும் என்று நிறுத்திவிட்டார்கள். சரியான முடிவு என்றே எனக்குப் படுகிறது.

இதைக் கிறிஸ்தவங்களும் போட்டாங்களா? பாதிரியார்கள் திட்டலையா?

போட்டார்கள், திட்டும் வாங்கினார்கள். அமாசியா நகரின் ஆயர் அஸ்தேரியஸ், இன்றைய துருக்கியில் இருக்கிறது அந்த ஊர், கி.பி. 400 வாக்கில் ஒரு பிரசங்கத்தில் பணக்காரர் உடுப்பைக் கிழிகிழி என்று கிழிக்கிறார். சிங்கம், சிறுத்தை, கரடி, காளை, நாய், காடு, பாறை, வேட்டைக்காரர் என்று பட்டியல் போட்டு, இவர்கள் தெருவில் வந்தால் சித்திரம் எழுதிய சுவர் நடந்துவருகிற மாதிரி இருக்கிறது, பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு விரலை நீட்டிச் சிரிக்கிறார்கள் என்கிறார். பக்தி உள்ளவர்கள் அதற்குப் பதிலாகக் கானா ஊர்க் கல்யாணம், கட்டிலைத் தூக்கிக்கொண்டு நடந்த முடக்குவாதக்காரர் என்று நற்செய்திக் காட்சிகளை நெய்து போட்டுக்கொண்டார்கள். அவர்களையும் அவர் விடவில்லை. படத்தை உடுப்பில் சுமக்காதே, மனதில் சுமந்துகொள் என்பது அவர் கட்சி.

எகிப்திலேயே பாருங்கள். அக்மீமுக்கு எதிர்க்கரையில் வெள்ளை மடாலயத்தில் 5ஆம் நூற்றாண்டில் ஷெனூட்டே என்ற துறவி. ஊரில் ஒரு பணக்காரர் வீட்டில் புகுந்து அங்கிருந்த பழைய தெய்வங்களின் சிலைகளை எடுத்துவந்த ஆள். அதே ஊர்க்காரர் நோன்னஸ் என்ற கவிஞர். அவர் பெயரில் டயனைசஸ் என்ற கிரேக்க மதுத் தெய்வத்தைப் பற்றி ஒரு நீண்ட காவியமும் இருக்கிறது, யோவான் நற்செய்தியின் செய்யுள் வடிவமும் இருக்கிறது. ஒரே ஊர், ஒரே நூற்றாண்டு. அந்த ஊர் இடுகாட்டில்தான் நம் துணிகள் கிடைத்தன.

அப்போ அந்தக் குதிரைக்காரர் புனித ஜார்ஜ்னு சொல்றாங்களே?

எல்லாக் குதிரைக்காரரும் ஜார்ஜ் இல்லை. காலடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். முயலும் சிங்கமும் என்றால் வேட்டைக்காரன். பாம்பையோ, பேயையோ, மனித எதிரியையோ ஈட்டி குத்தினால், அதோடு சிலுவையும் இருந்தால், புனிதர் என்று யோசிக்கலாம். தலையைச் சுற்றி ஒளிவட்டம் இருப்பதை மட்டும் நம்பாதீர்கள், அந்தக் காலத்தில் அதை யாருக்கு வேண்டுமானாலும் போட்டார்கள்.

குதிரைமேல் இருந்தபடி தீமையைக் குத்துகிற படம் கிறிஸ்தவத்துக்கு வெளியேயும் உண்டு. லூவர் அருங்காட்சியகத்தில் 4ஆம் நூற்றாண்டுக் கல் ஒன்றில் பழைய எகிப்தின் பருந்துத்தலைத் தெய்வம் ஹோரஸ் ரோமச் சிப்பாய் உடையில் குதிரைமேல் இருந்து முதலையைக் குத்துகிறார். 7, 8ஆம் நூற்றாண்டு டேபஸ்ட்ரி வட்டம் ஒன்றில், எதிரும் புதிருமாக இரண்டு குதிரைக்காரர்கள், மேலே கிரேக்க எழுத்தில் பெயர்: மாசிடோனியா அலெக்சாண்டர். இந்த வட்டத்தின் பிரதிகள் வாஷிங்டனிலும் கிளீவ்லாந்திலும் இருக்கின்றன. எழுத்து இல்லாவிட்டால் அதையும் நாம் வெறும் வேட்டைக்காரன் என்றே படித்திருப்போம்.

ஒரே ஆளை ஏன் கண்ணாடியில பார்த்த மாதிரி ரெண்டு தடவை போடணும்?

பட்டு. பட்டு நெய்யும் பெரிய தறிகளில் ஒரு பாதிப் படத்துக்கு நூல் கட்டிவைத்ததை அப்படியே திருப்பிப் போட்டால் மறுபாதி தானாக வரும், உழைப்பு மிச்சம். அதனால் பட்டில் எல்லாமே ஜோடி ஜோடியாக எதிரெதிரே நிற்கும். அக்மீமில் கிடைத்த பட்டுகளில் இப்படி இரட்டைக் குதிரைவீரர்கள் உண்டு, சிலவற்றில் கிரேக்க எழுத்தில் சக்கரியா என்ற பெயரும் சேர்ந்தே நெய்யப்பட்டிருக்கிறது. டேபஸ்ட்ரியில் இந்த மிச்சமே கிடையாது, ஒவ்வொரு இழையும் கைதான். இருந்தும் பட்டு விலை உயர்ந்தது, அந்தத் தோற்றம் வேண்டும் என்பதற்காகக் கம்பளிக்காரர்கள் வலிந்து அப்படியே நெய்தார்கள். பவர்லூமில் வந்த டிசைனைக் கைத்தறிக்காரர் திரும்ப எடுப்பது நமக்குப் புதிதில்லையே.

இதோடு சேர்த்துப் பாரசீகம் பற்றியும் கேட்பார்கள். ஆம், பாரசீக சாசானிய மன்னர்களுக்கு வேட்டைப் படம் உயிர், 619 முதல் 629 வரை எகிப்து அவர்கள் கையில் இருந்தது, அந்தினோபோலிஸில் அந்தப் பாணித் துணிகள் கிடைத்தும் இருக்கின்றன. ஆனால் வேட்டை என்றாலே பாரசீகம் என்று முடிவுகட்டவேண்டாம், கரடி பற்றிய பதிலில் சொன்ன ரோமப் படங்கள் அதற்கு முந்தியவை.

உருவம் அழகா இருந்தா பழசு, கண்ணு பெருசா கோணலா இருந்தா பிந்தினது. சரிதானே?

ரொம்ப நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள், புத்தகங்களிலும் இருக்கும். கார்பன் முறையில் காலம் கணிக்க ஆரம்பித்த பிறகு அந்த ஏணி ஆடிப்போனது. ஒரு துளி நூல் இருந்தால் போதும் என்பதால் பல துண்டுகளைச் சோதித்தார்கள். அழகானவற்றில் சில எதிர்பார்த்ததைவிடப் பிந்தியவை, கோணலானவற்றில் சில முந்தியவை. அகழ்ந்தவர்கள் எந்தக் குழியில் எது கிடைத்தது என்று ஒழுங்காக எழுதி வைத்திருந்தால் இந்தப் பாடே இல்லை.

நெசவுக்காரியாக நான் சொல்வது வேறு. நூல் தடித்து, பாவு இழை குறைந்தால், வளைவு படியாக உடையும், கண் பெரிதாகும். அது காலத்தின் சரிவாக இருக்கவேண்டியதில்லை, விலை குறைந்த சரக்காகவும் இருக்கலாம். ஒரே சந்தையில் நைசும் இருக்கும், மோட்டாவும் இருக்கும்.

அந்த ஊதா அசல் சங்குச் சாயமா?

மிகப் பெரும்பாலும் இல்லை. கடல் நத்தையிலிருந்து எடுக்கும் ஊதா அரச நிறம், விலையும் அப்படி, சட்டமும் குறுக்கே நின்றது. நம் வேட்டைக்காரன் துணியில் இருப்பது நீலத்தின்மேல் மஞ்சிட்டி வகை வேரின் சிவப்பை ஏற்றியது. ஸ்டாக்ஹோமில் ஒரு பாப்பிரஸ் இருக்கிறது, எகிப்திலிருந்து போனது, 3 அல்லது 4ஆம் நூற்றாண்டு; கம்பளியில் போலி ஊதா ஏற்றப் பக்கம் பக்கமாகச் செய்முறைகள். சாயக்காரர் குறிப்பு நோட்டு மாதிரியே இருக்கும்.

நம்ம ஊருக்கும் இதுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

வேட்டைப் படத்துக்கு இல்லை, இழுத்து ஒட்டவேண்டாம். எகிப்துக்கும் நமக்கும் இருந்த சம்பந்தம் செங்கடல் துறைமுகங்களில் இருக்கிறது: குசேர் அல் காதிமிலும் பெரெனிகேயிலும் தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன, பெரெனிகேயில் இந்தியப் பருத்தித் துணிகளும். அவை இந்தத் துணிகளுக்குக் காலத்தால் முந்தியவை அல்லது ஆரம்ப காலத்தவை. பிற்பாடு, அரபு ஆட்சிக் காலத் துண்டுகள் சிலவற்றின் சிவப்பில் அரக்குச் சாயம் தென்படுகிறது. அரக்குப் பூச்சி எகிப்தில் கிடையாது, அது நம் திசையிலிருந்து போனதுதான்.

ஆன்லைன் ஏலத்துல சின்னத் துண்டு விலைக்கு வருது. வாங்கி வச்சுக்கலாமா?

நான் வாங்கமாட்டேன். எகிப்தில் 1983ஆம் ஆண்டின் 117ஆம் எண் சட்டம் தொல்பொருள் வணிகத்தைத் தடைசெய்துவிட்டது. 1970 யுனெஸ்கோ உடன்படிக்கை வேறு இருக்கிறது. எப்போது நாட்டைவிட்டு வெளியே போனது என்பதற்குக் காகிதம் இல்லாத துண்டு திருட்டாக இருக்க வாய்ப்பு உண்டு. இரண்டாவது, ஒரே துண்டு மாதிரி தெரிவது வேறு வேறு உடுப்புகளிலிருந்து வெட்டிச் சேர்த்துத் தைத்ததாகவும் இருக்கும். எனக்குத் தெரிந்த ஒருவர் வாங்கி, படச்சட்டத்தில் போட்டு மாட்டிவைத்தார். நான் பின்பக்கம் பார்க்கக் கேட்டேன். அட்டையில் பசை போட்டு ஒட்டியிருந்தது, பிரிக்க வழியில்லை. பின்பக்கம் பார்க்கமுடியாத துணியில் நெசவாளிக்கு என்ன வேலை?

நாங்களே ஒண்ணு நெய்து பார்க்கலாமா?

கட்டாயம். பெரிய தறி வேண்டாம். பழைய படச்சட்டத்தில் ஆணி அடித்துப் பருத்திப் பாவு கட்டுங்கள், சென்டிமீட்டருக்கு ஐந்தாறு இழை போதும். ஊடைக்குக் கம்பளி, அடிக்க முள்கரண்டி. மாதிரியைத் தாளில் வரைந்து பாவுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள், மறக்காமல் படுக்கவைத்து. முதலில் முயல் போடுங்கள், காது இரண்டும் வந்துவிட்டால் யாரும் அதை வேறொன்றாகச் சொல்லமாட்டார்கள். சிங்கத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரம் உட்கார்ந்து நான் நெய்த முதல் சிங்கத்தை வகுப்பில் பெருமையாகத் தூக்கிக் காட்டினேன். முதல் வரிசைப் பெண் ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டு, பூனை நல்லா இருக்கு மேடம் என்றாள்.